கை நனைக்காமல் போன தம்பி

தம்பியும் நானும் ஆறு வருடங்களாகப் பேசவில்லை. அப்பா விட்டுப்போன வயலில் என் பங்குக்கும் அவன் பங்குக்கும் நடுவில் ஓடும் வரம்புதான் காரணம். எங்கள் பக்கத்தில் இப்படியொரு கோபம் தீர வேண்டுமென்றால் ஒருவர் மற்றவர் வீட்டில் கை நனைக்க வேண்டும். ஒரு வாய் சோறாவது சாப்பிட வேண்டும். அதுவரை என்ன பேசினாலும் சேர்ந்ததாகக் கணக்கில்லை.

அவனுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்யப்போகிறார்கள். அதற்கு முன் அண்ணனோடு சேர வேண்டும் என்று அவனே கேட்டானாம். அவன் மகன் நாவற்குடாவிலிருந்து செங்கலடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு அவனைக் கூட்டிவந்தான். என் மனைவி இறால் கறி வைத்திருந்தாள். என் மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். மொத்தம் எட்டுப் பேர். எங்கள் இருவரையும் கழித்தால் ஆறு பேர். அந்த ஆறு பேரின் கைகளில் எட்டுப் போன்கள்.

தம்பி மெலிந்துபோயிருந்தான். கை கழுவி உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "அண்ணே, அந்த வரம்பு விஷயத்தில…" என்று தொடங்கினான்.

"அப்பா, கொஞ்சம் பொறுங்க. பெரியப்பா, அப்பாக்குச் சோறு போடுற மாதிரி கரண்டிய ஒருக்காப் பிடிங்க," என்றான் மகன்.

பிடித்தேன்.

"சிரிங்க பெரியப்பா. கோட்டுக்கு வழக்குப் பேச வந்த ஆள் மாதிரி இரிக்கிறீங்க."

வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு படம். தோளில் கை போட்டபடி மூன்றாவது. பிறகு கட்டாரிலிருக்கும் தம்பியின் மகள் வீடியோவில் வந்தாள். அவனது தட்டுக்கு மேலே போனை நீட்டினார்கள்.

"அழாதீங்கப்பா," என்று அவள் அழுதாள்.

"நான் அழல்லயே புள்ள. சாப்பிடத்தான் இரிக்கன்," என்றான் அவன்.

அவள் போனை வைத்ததும் எட்டுப் போன்களும் மாறிமாறிக் கிணுகிணுத்தன. குடும்பக் குழுவில் படம் போய்விட்டது. 'அண்ணன் தம்பி சேர்ந்தாச்சு' என்று கீழே எழுதியிருந்தார்களாம். என் மகள் வாழ்த்துகளை உரக்க வாசித்தாள். நாற்பத்தொரு இருதயம் வந்திருந்தது. இருதயம் பழுதானவன் எதிரே ஆறிய சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை ஒருவரும் பார்க்கவில்லை.

"கிளினிக்குக்கு நேரமாகிட்டு," என்று மகன் எழுந்தான். தம்பியும் எழுந்தான். என் மனைவியிடம், "பிறகு வாறன் மச்சாள்," என்றான். அவன் கழுவிய கை சோறு படாமலே காய்ந்திருந்தது.

மறுநாள் அவன் மகனைப் போனில் அழைத்து, அப்பாவை இன்னொரு தரம் கூட்டிவா என்றேன்.

"எதுக்கு பெரியப்பா? அதான் சேந்திட்டீங்களே. சனம் முழுக்கப் பாத்திட்டு."

சனம் எதைப் பார்த்தது? நான் கரண்டி பிடித்ததைப் பார்த்தது. வரம்பைப் பற்றி அவன் சொல்ல வந்ததை யார் கேட்டார்கள்? பேசாமலிருந்தபோதாவது இந்த இருவரைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று நினைக்க நாலு பேர் இருந்தார்கள். இப்போது அந்தக் கவலையும் ஒருவருக்குமில்லை.

அடுத்த கிழமை அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். நாளைக்கு நான் பஸ் ஏறி நாவற்குடாவுக்குப் போகிறேன். முன்கூட்டி ஒருவருக்கும் சொல்லவில்லை. அவன் வீட்டில் என்ன இருக்கிறதோ அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். பழஞ்சோறானாலும் சரி. படம் எடுக்க வருகிறவன் எவனாக இருந்தாலும், தம்பி பேசி முடிக்கும்வரை முற்றத்தில் நிற்கட்டும்.