ஆடிக் கூழும் ஒரு பொய்யும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் நான் சரக்குப் பரிசோதகன். மயிரிழை விரிசல் இருந்தாலும் பீஸைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவேன். யார் கெஞ்சியும் ஒன்றைக்கூட பாஸ் பண்ணி அனுப்பியதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

போன வருஷம் பெருங்குடலில் கட்டி என்றார்கள். சென்னையில் அறுவை செய்யவிருந்த டாக்டரம்மா காகிதத்தில் குடலை வரைந்து காட்டினார். கட்டி இருக்கும் துண்டை வெட்டி எடுப்பார்கள். குடல் சுத்தமாக இருந்தால் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து அதோடு முடித்துவிடுவார்கள். சுத்தமில்லை என்றால் தையல் ஆறுகிற வரைக்கும் சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திருப்பி ஒரு பை ஒட்டவேண்டும். மலம் அதில் இறங்கும். கட்டியைவிட எனக்கு அந்தப் பைதான் பயம். ஷிஃப்ட் முடிந்து பத்துப் பேர் ஒன்றாக நின்று உடை மாற்றும் அறையை நினைத்துக்கொண்டேன்.

அறுவைக்கு முந்தின நாள் தண்ணீர், இளநீர், வடிகட்டிய ரசம், இவ்வளவுதான் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நாள் ஆடி ஞாயிறாக வந்து தொலைத்தது. ஆரம்பாக்கத்தில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். எங்கள் பக்கம் அன்றைய கூழை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. விரதம் இருப்பவர்கள்கூடக் குடிப்பார்கள். என் மனைவி ஒரு தூக்கு நிறைய வாங்கிவந்தாள், தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையோடு.

“வேணாம். தண்ணி மாதிரி இருக்கறதுதான் குடிக்கணும்னு சொல்லிக்கீறாங்க.”

“கூழு இன்னா சோறாய்யா? அதுவும் தண்ணிதான். ஆத்தா பிரசாதத்த வேணான்னுட்டு கத்திக்குப் போய்ப் படுப்பியா?”

எனக்கும் பசி. இரண்டு சொம்பு குடித்தேன், கீரையையும் விடவில்லை. மதியம் ரயிலேறிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சாயங்காலம் குடலைக் கழுவக் கொடுத்த உப்பு மருந்தை லிட்டர் கணக்கில் குடித்துவிட்டுக் கக்கூசே கதியென்று கிடந்தேன்.

காலையில் நர்ஸ் வந்தார். “ஐயா, கடைசியா போனது தண்ணி மாதிரி தெளிவா இருந்துச்சா? நேத்து வேற எதுவும் சாப்பிடலையே?”

தெளிவாக இல்லை. பழுப்பாகக் கலங்கி, கீரைத் துணுக்குகளோடு போயிருந்தது. நான் குனிந்து நன்றாகவே பார்த்திருந்தேன். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி வாரக்கணக்கில் காத்துக் கிடக்கவேண்டும் என்று தோன்றியது.

“தெளிவாத்தான் இருந்துச்சும்மா. எதுவும் சாப்பிடல” என்றேன்.

மயக்கம் தெளிந்ததும் வலி தெரிவதற்கு முன்பே கை வயிற்றைத் தேடிப் போனது. வலப்பக்கம் பை இருந்தது.

குடலுக்குள் அழுக்கு தங்கியிருந்தது என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு அது போதும். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும், “என்னாலதான், நான் ஊத்துன கூழாலதான்” என்று அழுதாள். பாதி வேளை சாப்பிடவில்லை. பையைக் காலி செய்ய நர்ஸ் ஒரு தடவைதான் சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு அவள் என்னைத் தொடவே விடவில்லை. சட்டையைத் தூக்கி, கிளிப்பைக் கழற்றி, மக்கில் பிடித்து, துடைத்து மூடுவாள். முகம் சுளித்ததே இல்லை.

நர்ஸ் கேட்டதையும் நான் சொன்னதையும் அவளிடம் சொல்ல எத்தனையோ நேரம் இருந்தது. சொல்லவில்லை. பழி அவள் பேரில் இருந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தபோது அவள் கைகூப்பினாள். “நான்தாம்மா கூழு குடுத்துட்டேன். அறிவில்லாம பண்ணிட்டேன்.”

டாக்டரம்மா கேஸ் ஷீட்டைப் புரட்டினார். “குடுத்தது தப்புதான். ஆனா காலையில கேட்டப்போ எதுவும் சாப்பிடல, தெளிவா இருந்துச்சுன்னு இவர் சொன்னதா எழுதியிருக்கே? சொல்லியிருந்தா மறுபடி மருந்து குடுத்து மறுநாள் பண்ணியிருப்போம்.”

“மறுநாளேவா?” என்றேன்.

“ஒரு நாள்தான் தள்ளிப்போயிருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

என் மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“உன்னக் கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“அஞ்சு நாளா வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லி அழுதுக்கினு இருக்கேன். படுத்துக்கினு பாத்துக்கினே இருந்தியா?”

“ஆமா.”

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. தையல் இழுத்ததால் அடக்கிக்கொண்டேன். பை பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அவள் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து மக்கை எடுத்தாள். என் சட்டையைத் தூக்கவில்லை. மக்கை என் கையில் வைத்தாள்.

“இனிமே நீயே ஊத்திக்கோ.”

அப்புறம் தன் துணிப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரி முடிந்துகொண்டு, நாஷ்டா சாப்பிடக் கீழே கேன்டீனுக்குப் போனாள்.