குழாய்ச் சத்தம்

அனுமந்தன்பட்டி சூரியபிரகாஷுக்கு ராஜா மந்திரி நாடகம் என்றாலே ஆகாது. பகலெல்லாம் உத்தமபாளையத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்குச் சம்பளமில்லாத வாத்தியாராகி, தெருப் பிள்ளைகள் பதினைந்து பேருக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பான். இருபத்து மூன்று வயதில் இதெல்லாம் தேவையா என்று ஊர் கேலி பேசியது. பேசட்டுமே! வீட்டில் வாயே திறக்காத பிள்ளைகள் அவனிடம் கொட்டித் தீர்த்தார்கள்.

"ஒங்க வீட்டுல நடந்ததச் சொல்லுங்க, அதையே நடிப்போம்" என்பான்.

ஒன்பது வயது ஜெஸ்லின் ஒருநாள் எல்லாரும் போன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா விட்டுட்டுப் போனதுலருந்து அம்மா தெனமும் குளியல் ரூமுக்குள்ள போயி அழுகுறாகண்ணே. எனக்குக் கேக்கக் கூடாதுன்னு குழாயத் தொறந்து விட்டுக்கிருவாக."

அவள் தலையைத் தடவிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினான். அதோடு விட்டிருக்கலாம், பாவி. இரண்டே நாளில் அதைக் காட்சியாக்கினான். பெயரை மாற்றி, அம்மா வேடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தான். யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு. ஜெஸ்லினிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவே இல்லை. குழாய்ச் சத்தம் போடும் பிள்ளைகளோடு அவளையும் நிறுத்தினான். அவள்தான் "ஸ்ஸ்" என்று மூச்சு விடாமல் இழுத்தாள்.

சுதந்திர தினத்தன்று பள்ளி மைதானத்தில் நாடகம். பிள்ளைகள் குழாய்ச் சத்தம் போட்டதுமே ஜனம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஜெஸ்லினின் அம்மா ஞானசெல்வி சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் மெல்லத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்கள். மேடையிலிருந்து ஜெஸ்லினும் பார்த்தாள். அவள் இழுத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது. அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் நிறுத்திவிட்டார்கள். மேடையில் அம்மா வேடம் போட்ட பிள்ளையின் அழுகை மட்டும் கேட்டது. சிரித்த கூட்டம் அடங்கிப்போய், பிறகு கைதட்டித் தீர்த்தது. தான் சொல்லிக்கொடுக்காததைப் பிள்ளைகளே செய்துவிட்டார்கள் என்று பூரித்துப்போனான் சூரியபிரகாஷ். ஞானசெல்வி மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மைதானத்தைக் கடந்து போனபோதுதான் அவனுக்கு உறைத்தது.

மறுநாள் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"நாடகம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி" என்றாள் ஞானசெல்வி. "இனிமே பிள்ளைய அனுப்ப மாட்டேன்."

சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவனுக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து ஜெஸ்லின் எட்டிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"நான் ஒங்ககிட்ட மட்டுந்தானண்ணே சொன்னேன்."