மரச்சிலந்தியும் எங்கள் வீட்டு ஸ்டாரும்

போன கிறிஸ்துமஸுக்கு என் மகள் மூங்கில் சீவி, மஞ்சள் காகிதம் ஒட்டி, தானே ஒரு ஸ்டார் செய்தாள். அதற்கு முந்தின வருசம் கரோல்காரர்கள் எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். "ஸ்டாரே தெரியலையே, ஆள் இல்லைன்னு நினைச்சோம்" என்றார்கள். இந்தத் தடவை அவர்கள் வந்தே ஆக வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம் ஒன்றுதான்: முற்றத்துப் பலா மரத்தின் மேல்கவடு. ஏலத்தோட்டத்தில் நிழல்மரம் கவாத்து பண்ணுகிறவன் நான். மரம் ஏறுவது எனக்குப் பெரிய விசயமில்லை. ஸ்டாரைக் கட்டி முடிக்கும்போது பார்த்தேன், பக்கத்துப் பொந்தின் வாயில் வெள்ளையாக வலை. உள்ளே என் உள்ளங்கை அகலத்துக்கு, மயிரடர்ந்த ஒரு சிலந்தி! ஏறினதைவிட வேகமாக இறங்கினேன்.

"காட்டானைக்குப் பயப்படாத மனுசன், பூச்சியைப் பார்த்து ஓடி வர்றாரு பாரு" என்று என் மனைவி சிரித்தாள்.

பக்கத்து வீட்டு அண்ணன், "மண்ணெண்ணெய்த் துணியைத் திணிடா, தீர்ந்துச்சு" என்றார்.

மகள் குறுக்கே வந்து நின்றாள். "வேண்டாம் பெரியப்பா! பூச்சிகளைப் பத்திச் சொல்ல ஸ்கூலுக்கு வந்த அக்கா படம் காட்டினாங்க. இது மரத்துலதான் குடியிருக்கும். நம்ம மலைப்பக்கத்தை விட்டா வேற எங்கேயும் கிடையாதாம்."

கடித்தால் கடுமையாக வலிக்குமாம். அதனால் பிள்ளைகளே, நீங்கள் யாரும் பொந்தில் கை விடாதீர்கள்.

துணியைத் திணிக்கவில்லை. ஸ்டாருக்குள் பல்பு எரிந்தது. ஆனால் வெளிச்சம் இருக்கிறவரை சிலந்தி வெளியே வரவில்லை. மகள் இரண்டு நாள் பார்த்தாள். "அதுக்குப் பசிக்காதாப்பா?" என்றாள். மூன்றாம் நாள் இருட்டினதும் அவளே சுவிட்சை அணைத்தாள். டார்ச்சைக் கையால் பாதி மூடிக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் பொந்தின் வாயில் நீளமாகக் கால்கள்.

அன்றைக்குத்தான் கரோல் வந்தது. வளைவில் கொட்டுச் சத்தம். அவள் கை சுவிட்சில் இருந்தது. சிலந்தி அப்போதுதான் ஒரு கரப்பானைப் பிடித்திருந்தது.

"போடு பாப்பா, போயிருவாங்க" என்றேன்.

போடவில்லை. கொட்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. சட்டென்று, செருப்புக்கூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினாள். எல்லோரையும் கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

"என்ன, கரண்ட் போயிருச்சா?" என்றார் கிறிஸ்துமஸ் தாத்தா வேசம் போட்டவர்.

"கரண்ட் இருக்கு. அது சாப்பிட்டுக்கிட்டிருக்கு, கொட்டு அடிக்காதீங்க" என்று மகள் டார்ச்சைப் பாதி மூடி மேலே காட்டினாள்.

தாத்தா தாடியைப் பிடித்துக்கொண்டு நாலு அடி பின்னால் போனார். பிறகு எல்லோருமாக, கைகூடத் தட்டாமல், மெதுவாக முழுப் பாட்டையும் பாடிவிட்டுத்தான் போனார்கள்.