அட்டைக்குப் பின்னால் சொன்ன வாக்கியங்கள்

ஸ்கூடாய் டோல் சாவடியில் கார்டில் காசில்லாமல் காரோடு நின்றுவிட்டேன். பின்னால் ஒரே ஹாரன். காதுக் கருவியைக் கழற்றி மடியில் வைத்திருந்த மகள் கவிதா மட்டும் நிம்மதியாகக் கேட்டாள்: "இங்க என்னப்பா வேடிக்கை?"

அவளுக்கு இருபத்தேழு வயது. இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல் கேட்கும் திறனில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. ஆபரேஷன் செய்து உள்காதில் காக்லியர் கருவி பொருத்தினால் பேச்சு எவ்வளவு கேட்கும் என்று பார்க்கத்தான் போன வியாழன் ஜொகூர் பாரு போனோம்.

எங்கள் ஊர் சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர். காலை ஆறரைக்குக் கிளம்பினோம். வழியில் கூலாயில் பசியாற ரொட்டி சானாய், தே தாரேக் தேநீர், இரண்டு பேருக்கும் ஒன்பது வெள்ளி செலவு. ஒன்பது மணிக்கு மருத்துவமனை.

சோதிப்பவர் ஒரு மலாய்க்காரப் பெண். அன்று தமிழ் வாக்கியப் பட்டியல் அவரிடம் இல்லை. "அங்கிள், நீங்களே சொல்லுங்க" என்று உதட்டை மறைக்க ஓர் அட்டையைக் கொடுத்தார். கேட்டதைத் திருப்பிச் சொல்ல, கவிதா காதுக் கருவியை மாட்டிக்கொண்டாள்.

மகள் பாஸாக வேண்டுமே! "சாப்டியா பாப்பா?" என்றேன். சரியாகத் திருப்பிச் சொன்னாள். "பத்திரமா போய்ட்டு வா." அதுவும் சரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெண் மலாயில் கேட்டார்: "முடிக்கிறதுக்கு முன்னாடியே பதில் வருதே. வீட்ல தினம் சொல்றதா?"

அலமாக்! நிறையக் கேட்கிறது என்று காட்டினால் ஆபரேஷனே வேண்டாம் என்பார்களாம். நான் உதவி செய்து கெடுக்கப் பார்த்திருக்கிறேன்.

"இதுவரைக்கும் மகள்கிட்ட சொல்லாத ஒன்ன சொல்லுங்க," என்றார் அவர்.

கொஞ்சம் யோசித்து, "லாரியில ஆறு மாடு ஏறிடுச்சு" என்றேன்.

கவிதா உதட்டைப் பிதுக்கினாள். "ஒன்னும் புரியலப்பா."

பிறகு மருத்துவர் விளக்கினார். பேசக் கற்ற பிறகு போன காது, அதுவும் இரண்டே வருடம், கருவியையும் விடாமல் மாட்டுகிறாள். எல்லாம் நல்ல அறிகுறி. ஆபரேஷனுக்குப் பிறகு சிலர் போனிலேயே பேசுகிறார்கள். சிலருக்குக் கடைசிவரை உதட்டைப் பார்த்தாக வேண்டும். இவள் எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆபரேஷன் செய்யும் காதில் இப்போது மிஞ்சியிருக்கும் கேட்கும் திறனும் போகலாம். பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை மட்டும் படித்த என் மண்டைக்கு இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று இன்னும் பிடிபடவில்லை.

"செஞ்சிக்கிறேன்ப்பா," என்றாள் கவிதா. தலையாட்டினேன்.

போகிறவர்களுக்கு: டோல் கார்டில் காசு போடுங்கள். கார் நிறுத்த அரை மணி ஒதுக்குங்கள். சோதனையில் பிள்ளைக்கு உதவாதீர்கள்.

அந்த அட்டைக்குப் பின்னால் முதலில் வாய்வரை வந்தது மாடு இல்லை. "அப்பாவுக்கு பயமா இருக்கு பாப்பா."