சட்டத்திலிருந்து ஒரு சொல்லை நீக்கியவர்

தயாளன் சார் இறந்த செய்தி எனக்கு ஒரு மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தது. ஆலங்காயத்துக்கு அருகிலுள்ள ஊரிலிருந்து முனியம்மாள் போன் செய்தார். பின்னணியில் கன்று கத்திக்கொண்டிருந்தது.

"செல்விம்மா, நம்ம வக்கீல் சார் போய்ட்டாராம். ஆம்பூர்ல நோட்டீஸ் ஒட்டிருக்காங்கன்னு பால் வண்டிக்காரன் சொல்றான். நீ கொஞ்சம் கேட்டுச் சொல்லு. வேற யாராவதா இருக்கும்."

வேறு யாராகவும் இல்லை. அவருடைய மனைவி மல்லிகா அக்காவை அழைத்தேன். "ஆமா செல்வி, நேத்து சாயங்காலம். காப்பி குடிச்சிட்டு டம்ளரைக் கீழ வெச்சாரு, அவ்ளோதான்" என்றார். நான் முனியம்மாளைத் திரும்ப அழைத்துச் சொன்னேன். கன்றின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "எப்ப எடுக்கறாங்க? நானும் வர்றேன்" என்றார்.

தயாளன் சாரை, இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலர் தலைமைச் செயலகத்தில் சக ஊழியராக அறிவீர்கள். சிலர் ஆம்பூரில் ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள். நான் வேலூர் பக்கத்தில் தொழுநோய்க்குச் சிகிச்சை தரும் ஒரு மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். நோயாளிகளின் காயத்தை மருத்துவர்கள் பார்ப்பார்கள்; வீடு, வேலை, ரேஷன் கார்டு, கோபித்துக்கொண்ட மருமகள் ஆகியவற்றை நான் பார்ப்பேன். எனக்கும் அவருக்கும் ஒரு வேலை காரணமாகத்தான் பழக்கம். அந்த வேலையைப் பற்றிச் சொன்னாலே அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும்.

அமைச்சர் எழுந்து நின்று ஒரு மசோதாவைத் தாக்கல் செய்கிறார். அதை அதற்கு முன்பே யாரோ ஒருவர் உட்கார்ந்து வரி வரியாக எழுதியிருக்க வேண்டும் அல்லவா? சுகாதாரத்தைத் தொடும் பல மசோதாக்களில் அந்த யாரோ ஒருவர் தயாளன் சார்தான். வழக்கறிஞராகப் பதிவு செய்து, சில காலம் வேலூர் நீதிமன்றத்துக்குப் போய்வந்து, பிறகு அரசின் சட்டத் துறையில் சேர்ந்தவர். வாதாடும் குரல் தமக்கு இல்லை என்று அவரே சொல்வார். எழுதும்போது அந்தக் குறை தெரியாது.

ஒரு சனிக்கிழமை எங்கள் மருத்துவமனைக்கு அவர் தனியாக வந்தார். யாரும் அனுப்பவில்லை, ஜீப் இல்லை, கூட உதவியாளர் இல்லை. வார இறுதிக்கு ஆம்பூர் வந்தவர் அப்படியே பஸ் ஏறியிருந்தார். சில பழைய சட்டங்களிலும் விதிகளிலும் 'தொழுநோயாளி' என்ற சொல் கிடக்கிறது. இந்தப் பதவிக்கு நிற்கக் கூடாது, அந்தச் சங்கத்தில் இருக்கக் கூடாது என்று தகுதியற்றவர்களின் வரிசையில் அந்த நோய் வந்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். அவற்றைத் திருத்தும் பொறுப்பு தம்மிடம் வந்திருக்கிறது என்றார்.

"கோப்பை வெச்சே எழுதிடலாம் மேடம். ஆனா ஒரு வார்த்தையை எடுக்கறதுக்கு முன்னாடி அது யாரு மேல உக்காந்திருக்குன்னு பாக்கணும் இல்ல?"

வார்டுக்கு அழைத்துப் போக எழுந்தேன். அவர் எழவில்லை. கைக்குட்டையை மடித்து மடித்து விரித்தார்.

"ஒண்ணு சொல்லிட்றேன். எனக்கு பயமா இருக்கு."

வந்தவர்களில் பயந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள், தண்ணீர் வேண்டாம் என்பார்கள். பயம் என்று வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான். எங்கள் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஒரு மாணவரைப் போலக் கேள்வி கேட்டார். மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே நோய் பிறருக்குப் பரவாது என்பதை மருத்துவர் விளக்கினார். குணமான பிறகும் மடங்கிய விரல் மடங்கியே இருக்கலாம், அது நோய் அல்ல, நோய் விட்டுப்போன தழும்பு என்றும் சொன்னார். "அப்ப சட்டம் பயப்படறது தழும்பைப் பாத்தா?" என்று கேட்டார் தயாளன் சார். பிறகுதான் வார்டுக்கு வந்தார். அப்போதும் கொஞ்சம் பயம் இருந்தது. ஆனாலும் வந்தார்.

அன்று பாதத்தில் ஒரு புண்ணுக்குக் கட்டுப்போட வந்திருந்தவர் முனியம்மாள். இளம் வயதில் நோய் வந்து, முழுமையாகக் குணமாகி, பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வலது கையில் விரல்கள் மடங்கியிருந்தன. அந்தக் கையோடுதான் மாடு கறந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஊர்ப் பால் சங்கத்தில் யாரும் எதிர்த்துப் பேச முடியாத ஆளாக இருந்தார். சங்கத்துக்குத் தேர்தல் வரவிருந்தது. நிர்வாகக் குழுவுக்கு நிற்க ஆசைப்பட்டார். ஆனால் பழைய விதியைக் காட்டி, "உன் கையைப் பாத்தா தள்ளுபடி பண்ணிடுவாங்க, எதுக்கு வம்பு" என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"நிக்கலாமா கூடாதா, அத்தச் சொல்லு சார்" என்று நேராகக் கேட்டார் முனியம்மாள்.

"இன்னிக்குக் கூடாது. மாத்தத்தான் பாக்கறேன்" என்றார் அவர்.

இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மறுபடி வந்தார். முகம் சரியில்லை. "முனியம்மா வீட்டுக்குப் போகணும். நீங்களும் வாங்க" என்றார். போனிலேயே சொல்லலாமே என்றேன். "இது போன்ல சொல்ற விஷயம் இல்ல" என்றார். வாணியம்பாடி போய், பஸ் மாறி, ஆலங்காயம் தாண்டி இறங்கி நடந்தோம்.

முனியம்மாள் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். உட்காருவதற்கு அவர் போட்ட நாற்காலியில் தயாளன் சார் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். துறையில் ஒரு வாசகத்துக்கு எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். தொழுநோயாளி என்ற சொல் போய்விடும். அதற்குப் பதிலாக, நோய் பரவும் நிலையில் இல்லை என்று மருத்துவச் சான்று கொண்டுவருபவர் நிற்கலாம் என்று வரும். அப்படி எழுதினால் வேலை சீக்கிரம் முடியும். முனியம்மாள் இந்தத் தேர்தலிலேயே நிற்கலாம். சான்றே கூடாது, அந்தச் சொல்லை அடியோடு எடுத்துவிடுவோம் என்று இவர் எழுதினால், எதிர்ப்பு இருக்கிறது, கோப்பு கிடப்பில் போகும், தேர்தல் முடிந்துவிடும்.

"எழுதறது நான்தான். ஆனா நிக்கப்போறது நீங்க. உங்களுக்கு எது வேணும்?"

முனியம்மாள் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "அந்த டாக்டர் சீட்டு எத்தினி நாளைக்கு?"

"எப்ப நின்னாலும் கேப்பாங்க."

"எனக்கு மட்டுமா, எங்காளுங்க எல்லாத்துக்குமா?"

"எல்லாருக்கும்."

அதற்குப் பிறகு வெகுநேரம் முனியம்மாள் பேசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை, ஏதாவது சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். தயாளன் சார் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துத் தடுத்தார். அந்தப் பசு, காப்பீட்டுக்காகக் காதில் மாட்டிய மஞ்சள் வில்லையோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. முனியம்மாள் அதன் கழுத்தைத் தட்டினார்.

"இதுங் காதுல மாட்டி வெச்ச மாதிரி எனக்கும் மாட்டப் போறியா? வேணாம் சார். எம் பேத்தி வளந்து வந்து, 'ஆயா, நீ மட்டும் ஏன் சீட்டு தூக்கினு போற'ன்னு கேட்டா நான் இன்னா சொல்லட்டும்? நீ சுத்தமாவே எடு. லேட்டானா ஆவட்டும்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுலபமாகச் சொன்ன பதில் இல்லை அது. அந்தத் தேர்தலுக்காக அவர் வீடு வீடாகப் பேசி வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து தயாளன் சார் தம் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். உள்ளங்கை வெடித்துத் தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாக இருக்குமாம். "பஸ்ல அப்பா பக்கத்துல இடம் காலியாவே இருக்கும். அவரு துண்டுக்குள்ள கையை வெச்சிக்குவாரு. அந்த நோவு இல்லைன்னு யாருகிட்ட போய்ச் சொல்றது? சொன்னா மட்டும்? அந்த நோவு இருக்கிறவங்கள நகந்து உக்காரச் சொல்லலாம்னு ஆயிடுமே." ஆம்பூரில் இறங்கும்போது, "காப்பி சாப்ட்டுப் போங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.

சென்னையில் நடந்த கூட்டத்தைப் பற்றி அவர் ஒருபோதும் என்னிடம் சொன்னதில்லை. அதில் இருந்த ஒருவர் பின்னாளில் சொன்னார். சான்று கேட்பதில் என்ன தப்பு என்று ஒரு மேலதிகாரி கேட்டிருக்கிறார். "தப்பே இல்ல சார். அதான் அதையும் எழுதிக் கொண்டுவந்திருக்கேன்" என்று தயாளன் சார் ஒரு தாளை நீட்டியிருக்கிறார். தேர்தலில் நிற்கும் எவரும், எந்தத் தொற்றுநோயும் தமக்கு இல்லை என்று மருத்துவச் சான்று கொண்டுவர வேண்டும். சளி, இருமல், அம்மை, காசம் எதுவும் விலக்கல்ல. முறையான சட்ட மொழியில், பிரிவு உட்பிரிவோடு எழுதியிருந்தாராம். தாள் மேசையைச் சுற்றி வந்தது. முதலில் சிரித்தார்கள். மேலதிகாரிக்கு அன்று கடும் ஜலதோஷம். படித்து முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு புரியுது" என்றாராம்.

புரிந்தது என்பதற்காகக் கோப்பு நகர்ந்துவிடவில்லை. அது கிடப்பில் போனது. சங்கத் தேர்தல் வந்தது, முடிந்தது. முனியம்மாள் நிற்கவில்லை. தேர்தல் நாளன்று ஓட்டுப் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்து வேறு எதையெதையோ பேசினார். தயாளன் சார் அந்தக் காலம் முழுவதும் விடாமல் வந்தார். சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் வந்து, "ஒண்ணும் நடக்கல" என்று சொல்லிவிட்டுப் போவார். நல்ல செய்தி இருக்கும்போது மட்டும் வருகிற பலரை நான் அறிவேன். ஒன்றும் நடக்கவில்லை என்பதைச் சொல்ல ரயிலும் பஸ்ஸும் ஏறி வந்தவரை நினைக்கும்போது, நாங்கள் எவ்வளவு மரியாதையாக நடத்தப்பட்டோம் என்பது இப்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அதிகாரிகள் மாறினார்கள். கோப்பு ஒருநாள் திரும்ப அவர் மேசைக்கே வந்தது. அவர் எழுதியபடியே, சான்று எதுவும் இல்லாமல், சட்டமானது. அரசிதழில் அந்த வரியைக் காட்டினார். இன்ன பிரிவில் இன்ன சொல் நீக்கப்படும், அவ்வளவுதான். "இதுக்கா சார் இத்தனை வருஷம்?" என்றேன். "எடுக்கறது எப்பவும் சின்ன வரிதான் மேடம். வெக்கும்போதுதான் பக்கம் பக்கமா வெப்பாங்க" என்று சிரித்தார்.

அடுத்த தேர்தலில் முனியம்மாள் நின்றார். மனுவை யாரும் மறுக்கவில்லை. கையை யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தார்கள், ஆனால் வாங்கிக்கொண்டார்கள். ஓட்டு எண்ணும் நாளில் தயாளன் சார் விடுப்பு எடுத்து வந்துவிட்டார். முனியம்மாள் தோற்றுப்போனார்.

நாங்கள் வெளியே நின்றிருந்தோம். சங்கக் கட்டடத்திலிருந்து முனியம்மாள் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னா சார் மூஞ்ச இப்டி வெச்சினுக்கீற? எதிர்ல நின்னவ எங்கள விட ஜாஸ்தி பால் ஊத்தறா, சொந்தக்காரங்களும் ஜாஸ்தி. ஜெயிச்சிட்டா. நான் ஓட்டுலதானே தோத்தேன், நோவுல தோக்கலியே. வாங்க, டீ குடிக்கலாம்."

தயாளன் சார் அன்று சிரித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கடை பெஞ்சில் முனியம்மாளின் பக்கத்தில், இடைவெளி விடாமல் உட்கார்ந்து, எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு போனது என்று துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்தார். அடுத்த முறை முனியம்மாள் ஜெயித்ததும் அவருக்குத் தெரியும். ஆனால் இந்தத் தோல்வியைத்தான் ஓய்வு பெறும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாவு வீட்டில் மல்லிகா அக்கா முனியம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். நடுவில் கொஞ்சம் சிரிக்கவும் செய்தார். "சாப்பாட்டுக்கு வருவீங்களான்னு கேட்டா, 'வருவேன், ரயில் லேட்டானால் நீங்கலாக'ன்னுதான் சொல்லுவாரு. வீட்லயும் சட்டம்தான்." சட்டத் துறையிலிருந்து வந்திருந்த பலர் எங்களை யாரென்று கேட்டார்கள். முனியம்மாள், "சாரு எங்களுக்கு வேண்டியவரு" என்று சொன்னார். அதற்குமேல் விளக்க அவருக்கு விருப்பமில்லை.

காரியம் முடிந்த வாரத்தில் எங்களிடம் ஓர் இளம்பெண் வந்தாள். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. கையில் உணர்ச்சியற்ற ஒரு தேமல். ஆரம்ப நிலைதான், மாத்திரை தொடங்கியாயிற்று. கம்பெனியில் ஒருவருக்கு எப்படியோ தெரிந்து, கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். முன்பென்றால் நானே ஒரு முடிவு எடுத்து, அதை அவளுக்கு நல்லது என்று விளக்கியிருப்பேன். இந்த முறை இரண்டு வழியையும் சொன்னேன். யாருக்கும் தெரியாமல் லீவில் இருக்கலாம். அல்லது மருத்துவரையும் என்னையும் கூட்டிக்கொண்டு போய், கூட வேலை செய்கிறவர்களிடம் விளக்கிவிட்டுத் திரும்ப வேலையில் உட்காரலாம். இரண்டிலும் சங்கடம் உண்டு. "உனக்கு எதும்மா வேணும்?" என்று கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். வெளியே ஒருமுறை டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள், மறுமுறை கூப்பிட்டார்கள்.

"தையல் லைனுக்கே போறேன் மேடம். வீட்ல குந்தினு இருந்தா பேஜாரு. ஆனா நீங்க பேச வேணாம். நான் பேசறேன். நீங்க பக்கத்துல மட்டும் இருங்க."

போனோம். அவளே பேசினாள். அடுத்த ஷிப்டில் அவள் மெஷினில் உட்கார்ந்தாள். பக்கத்து மெஷின்காரி நூல் கண்டை அவளிடம் நீட்டியதைப் பார்த்துவிட்டு நான் வெளியே வந்தேன்.

தயாளன் சார் எழுதிய சட்டங்கள் அரசாங்கத்தின் பெயரில் இருக்கின்றன. அவற்றில் எங்கும் அவர் கையெழுத்து கிடையாது. அதில் அவருக்கு வருத்தமும் இருந்ததில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் சொல்ல வேண்டியவர் பதில் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருப்பது. அது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் வர ஆரம்பித்திருக்கிறது, சார்.