முக்கால் முழ நிலைப்படி

கால் உடைந்தவர்களிடம் எல்லாரும் காலைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். தலைக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதிகம் கெட்டுப்போனது தலைதான்.

காரைக்குடியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி தவறிக் கணுக்கால் முறிந்தது. முழங்கால் வரை மாவுக்கட்டு. அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது, வேண்டுமானால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நகரலாம் என்றார் டாக்டர். நான் தனியாக இருப்பவள். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காக அழுததும் இல்லை. சிவகங்கையில் இருக்கும் என் தம்பி செய்தி கேட்டு ஓடி வந்தான். அவனும் ஆட்டோக்காரரும் என்னை நாற்காலியோடு தூக்கிவந்து என் அறைக்குள் இறக்கினார்கள். இறக்கிய பிறகுதான் உறைத்தது, இனி நானாக வெளியே வர முடியாது என்று.

அந்த அறை ஒரு பெரிய வீட்டில் இருக்கிறது. நடுவில் வளவு என்று சொல்லும் திறந்த முற்றம். சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். அண்ணன் தம்பிகளுக்குக் கல்யாணம் ஆக ஆக, ஆளுக்கு ஓர் அறை என்று அந்தக் காலத்தில் கட்டியது. இப்போது அவர்களுடைய வாரிசுகள் எங்கெங்கோ இருக்கிறார்கள், அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு பங்காளி மட்டும் தன் அறையை எனக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். பின்பக்கம் தடுத்துக் குளியலறையும் அடுப்பு மேடையும் கட்டித் தந்திருக்கிறார். ஜன்னலும் உண்டு. ஆனால் அது வேறொரு பங்காளியின் பக்கமாகத் திறக்கிறது. இரண்டு பேருக்கும் ஆகாது என்பதால் ஆணி அடித்து மூடிவிட்டார்கள். திறந்தால் அவர்கள் காற்று இங்கே வந்துவிடுமாம்.

மிச்சம் இருப்பது கதவு. ஆள் குனிந்து நுழையும் கதவு. அதன் கீழே முக்கால் முழ உயரத்துக்கு, நல்ல அகலமான தேக்கு நிலைப்படி. இரண்டு காலும் நன்றாக இருந்தவரை அப்படி ஒன்று இருப்பதையே நான் கவனித்ததில்லை. கால் தானாகத் தூக்கிக் கடந்துவிடும். ஒருநாள் வாக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு ஒற்றைக் காலில் தாவப் பார்த்தேன். வாக்கர் சரிந்தது. கதவு வளையத்தைப் பிடித்துத் தொங்கித் தப்பித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர் உண்டு. பூட்டிய அறைகளுக்கு வெளியே கூட்டிப் பெருக்குவது அவர் வேலை. என் மேல் பிரியப்பட்டு இரண்டு வேளையும் சோறு கொண்டுவந்து கொடுத்தார். ஒருநாள் நான் வளவில் கொஞ்சம் உட்கார்ந்தால் தேவலை என்று புலம்பினேன். "வெளிய என்ன இருக்கு டீச்சர், வெயிலுதான் இருக்கு. பேசாமப் படுத்திருங்க, எலும்பு கூடட்டும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது.

கோபம் வந்தவரை நான் நானாக இருந்தேன். பிறகு அதுவும் போய்விட்டது. படுத்தே கிடக்கிறவளுக்கு எல்லாரும் மேலேயிருந்து பேசுகிறார்கள். அவர்களுடைய மோவாயையும் மூக்குத் துவாரத்தையும் பார்த்துக்கொண்டு எந்த வாதமும் செய்ய முடியாது. உத்தரத்தைப் பார்ப்பேன். நம் ஓய்வுக்காலம் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு வரும். அதற்கு மறுப்பு வராது. வெளியில் நடக்கும்போது ஒரு நினைப்பு வந்தால், எதிரே ஆடு வரும், தெரிந்தவர் வருவார், அது கலைந்து இன்னொன்று வரும். அந்த அறையில் எதிரே எதுவும் வருவதில்லை.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி போனில் சந்தேகம் கேட்டாள். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி, அதிலிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடுகள். இரண்டும் ஒரே நீளம் என்று நிரூபிக்க வேண்டும். எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிற கணக்கு! அடுத்த வரி வரவில்லை. கண்ணை மூடினேன், வரவில்லை. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துகொண்டே பாடம் நடத்துகிறவள், கணக்கு எனக்குக் காலோடு வருகிறது என்று அப்போது தோன்றவில்லை. மூளை போய்விட்டது என்றுதான் தோன்றியது. மூளை போனவள் வகுப்புக்குப் போய் என்ன செய்வாள்?

தம்பி வந்த நாள் முதலே ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தான். விருப்ப ஓய்வு வாங்கிவிடு, அறையைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்துவிடு, இனி எதற்குத் தனியாக? அன்று மாலை அவன் போன் செய்து மறுபடி கேட்டபோது சரி என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வேன் கொண்டுவருகிறேன் என்றான். அவன் குரலில் அத்தனை நிம்மதி. எனக்கு எதுவுமே இல்லை, சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

ஞாயிறு காலையில் வீடு பார்க்கும் அம்மா குன்றக்குடிக்குப் போய்விட்டார். வேன் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவு வரை வந்து நின்றேன். வெகுநேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. நல்ல கால் திடீரென்று வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால் கட்டில் தூரத்தில் இருக்கிறது. விழுந்துவிடுவேன் என்று தெரிந்துவிட்டது. திரும்பிய வாக்கிலேயே சட்டென்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த இடம் நிலைப்படி.

ஐயோ என்று எழுந்திருக்கப் போனேன். நிலைப்படியில் உட்காரக் கூடாது. இந்தப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். எங்கள் வீட்டு நிலைக்கு மேலே திருஇருதயப் படம் மாட்டியிருக்கும், கீழே நிலைப்படியில் உட்கார்ந்தால் அம்மா விளக்குமாற்றை எடுப்பாள். எங்களைப் போன்ற வேதக்காரர்கள் வீட்டிலும் அந்தச் சட்டத்துக்கு விலக்கு இல்லை. எழ முடியாமல் அங்கேயே இருந்தபோதுதான் பார்த்தேன், என் முதுகுக்குப் பின்னால் வளவு. இடுப்பைத் திருப்பினேன். நல்ல கால் அந்தப் பக்கம் போயிற்று. மாவுக்கட்டுக் காலை இரண்டு கையாலும் தூக்கி அதையும் கொண்டுபோய் வைத்தேன். அவ்வளவுதான். வெளியே இருந்தேன்.

இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவில்லை. வீடு பார்க்கும் அம்மாவுக்குத் தோன்றவில்லை. வந்து பார்த்துப்போன சக டீச்சர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை பேர் தலையிலும் உட்காரக் கூடாத இடம் என்று பதிந்துபோனதில், அது உட்காரக்கூடிய ஒரு பலகை என்பதே கண்ணில் படவில்லை. காலுக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு நடுங்கியது.

நிலையைப் பிடித்து எழுந்து, வாக்கரை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டேன். தூண் தூணாக நகர்ந்தேன். வெயில் தலையில் விழுந்தது. ஏதோ ஒரு தூணருகில் மூச்சு வாங்க நின்றபோது, மையத்தை அந்த வெளிப்புள்ளியோடு இணைக்க வேண்டும், இரண்டு முக்கோணம் கிடைக்கும் என்று வந்தது. நான் அதைத் தேடவே இல்லை. நின்ற இடத்தில் அழுதேன்.

தம்பி வந்தபோது நான் மறுபடி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தேன், முகம் வளவைப் பார்த்து.

"அக்கா, எந்திரி. அதுல போய் உக்காந்திருக்க" என்றான். பிறகுதான் நான் வெளியே இருப்பது அவனுக்கு உறைத்தது.

"தம்பி, நான் வரலப்பா. சரின்னு சொன்னது நான் இல்ல. அந்தக் கட்டிலு" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மகளின் படிப்பு மேசையை ஹாலுக்கு மாற்றிவிட்டு எனக்கு அறை ஒதுக்கிவைத்திருந்தான், ஜன்னல் பக்கமாகக் கட்டில் போட்டிருந்தான்.

"அப்ப இப்பப் பேசறது இந்த வளவா, அக்கா?"

கணக்கு டீச்சரின் தம்பி இல்லையா. இருக்கலாம். உள்ளே இருந்தவள் நான் இல்லையென்றால், வெளியே இருப்பவள் மட்டும் நான்தான் என்று எப்படி நிரூபிப்பது?

"அப்படியே இருக்கட்டும்பா. இங்க நானா வந்து சேந்திருக்கேன்ல" என்றேன்.

வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு மத்தியானம் வரை என்னோடு இருந்தான். கிளம்பும்போது, நாற்காலியோடு தூக்கி உள்ளே விடுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். நிலைப்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கட்டிலில் சாய்ந்தேன். உத்தரம் அங்கேயேதான் இருந்தது. கொஞ்சநேரத்துக்கெல்லாம் பழைய நினைப்புகள் திரும்பி வந்துவிட்டன. வலியப் போய்த் தப்புச் செய்துவிட்டோமோ, அவனோடு போயிருக்கலாமோ, ராத்திரி விழுந்தால் யார் வருவார்கள்? காலையில் அழுததும் கணக்கு வந்ததும் யாருக்கோ நடந்ததாக இருந்தது. போனை எடுத்துத் தம்பியின் நம்பர் வரைக்கும் போய்விட்டேன்.

அப்புறம் அதை மடியில் போட்டுக்கொண்டு, வாக்கரை இழுத்து, நிலைப்படிக்குப் போய் உட்கார்ந்தேன். கூப்பிடுவதானால் அங்கேயிருந்து கூப்பிடலாம் என்று.

அங்கே போன பிறகு கூப்பிடவில்லை.