இரண்டு நாற்காலிக் கம்ப்யூட்டர்

டீ ஆறிக்கொண்டிருக்கிறது. கஜபதி கிராபிக்ஸ் கார்டின் பழைய விலையை அடித்துவிட்டுப் புதிய விலையை எழுதுகிறார். ஞாயிறு காலை பத்து மணி என்றால் அயனம்பாக்கத்தின் அந்த இரண்டாம் மாடி வீட்டில் நான்கு வருடமாக இதுதான் வேலை. வாங்கப்போகிற கம்ப்யூட்டரின் பட்டியல் இருப்பது, அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வேலை பார்க்கும் பட்டறையின் பழைய ஜாப் கார்டுகளுக்குப் பின்பக்கத்தில். பிராசசர், மதர்போர்டு, ராம், கேபினெட் என்று கீழே இறங்கும் கணக்கு எண்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டாத வாரம் ஒன்றுகூட இல்லை.

நாற்பத்து மூன்று வயது. பட்டறையில் நூலளவு பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிற ஆள். வீட்டிலும் அதே கண்டிப்புதான். வாங்கப்போகிற கேபினெட்டின் அளவுக்கு, டிவி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி மூலையில் வைத்து, பீரோ கதவு இடிக்கிறதா என்று பார்த்தார். இடிக்கவில்லை. அட்டை அங்கேயே தங்கிவிட்டது. மனைவி கிருஷ்ணப்பிரியா அதன்மேல் மடித்த துணிகளை அடுக்குகிறார். "உங்க கம்ப்யூட்டர்ல இது ஒண்ணுதான் இதுவரைக்கும் வேலை செய்யுது" என்பார்.

குமணன்சாவடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரேஷ்மாவுக்கு இவர் படியேறும்போதே சிரிப்பு வந்துவிடும். "அண்ணா, ஒரு சேர் போதும்ணா. இன்னொரு சேரையும் அந்தப் பெரிய டேபிளையும் விட்டீங்கன்னா அடுத்த பெரிய கார்டுக்கே போயிடலாம்."

"கார்டு கொறைஞ்சா பரவால்லம்மா. சேர் ரெண்டு வோணும்."

இந்தப் பிடிவாதம் சின்ன வயதில் ஆவடியில் பிடித்தது. அப்பாவுக்கு ராணுவ டாங்க் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸுக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு இருபது ரூபாய். பக்கத்து வீட்டு உத்தமனிடம் பத்து, இவரிடம் பத்து. துப்பாக்கி ஆட்டத்தை மாற்றி மாற்றி ஆடலாம் என்றால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு வயிறு எரியும். அதனால் ஒரே சிப்பாயை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கீபோர்டு உத்தமனுக்கு; அவன் நடக்க வைப்பான், குதிக்க வைப்பான். மவுஸ் கஜபதிக்கு, குறி பார்ப்பதும் சுடுவதும் இவர் பொறுப்பு. ஐ.டி.ஐ. முடிந்து வேலைக்குப் போகும்வரை அப்படித்தான் ஆடினார்கள். உத்தமனின் தோள் சாய்ந்தாலே சிப்பாய் எந்தப் பக்கம் ஓடப்போகிறான் என்று இவருக்குத் தெரிந்துவிடும். அப்படியொரு சந்தோஷம் பிறகு வாய்க்கவே இல்லை என்று கல்யாணமான மனிதர் வெளியே சொல்லக் கூடாது. கஜபதி சொல்லிவிடுவார்.

உத்தமன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். டிசம்பரில் பதினைந்து நாள் லீவு என்று போன் செய்தான். "மெஷின ரெடி பண்ணு மாமே, வந்துகினே கீறேன்." நான்கு வருடக் கனவுக்கு அன்றைக்குத்தான் ஒரு தேதி கிடைத்தது. அந்த நேரம் பார்த்து ராம் விலை இரண்டு மடங்கானது. கஜபதி கார்டைக் குறைத்தார், கேபினெட்டின் கலர் விளக்குகளை வெட்டினார், யாரோ விற்ற பழைய மானிட்டரோடு சமாதானம் ஆனார். கடைசியில் எண்பத்தோராயிரத்து அறுநூறு. மேலே நின்ற ஆயிரத்து அறுநூறை, கேட்காமலே கிருஷ்ணப்பிரியா ஜாப் கார்டின்மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

மெஷின் வந்தது, லீவு வரவில்லை. பொங்கல் போகட்டும், பார்க்கலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். "இன்னா பண்ண சொல்ற" என்றபோது உத்தமனின் குரல் இறங்கிவிட்டது. கஜபதி போனை வைத்துவிட்டு, காலியாகக் கிடந்த இரண்டாவது நாற்காலியைத் துடைத்தார்.

அடுத்த ஞாயிறு தனியாக உட்கார்ந்து ஆட்டத்தைப் போட்டார். சிப்பாய் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றினான். கண்ணில் பட்டவனையெல்லாம் குறி தப்பாமல் சுட்டான். ஆனால் ஓரடி எடுத்து வைக்கவில்லை. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கிருஷ்ணப்பிரியா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏங்க, உங்க ஆளு நடக்க மாட்டானா?"

"அது உத்தமன் வேலை. எந்தப் பட்டன்னு தெரியும். எனக்குக் கை வரல."

கிருஷ்ணப்பிரியா கையைத் துடைத்துக்கொண்டு வந்து இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எதுன்னு காட்டுங்க" என்றார்.

கஜபதி திரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு அவருடைய இடக்கையை எடுத்து, மூன்று விரல்களை ஒவ்வொன்றாக, உத்தமனின் விரல்கள் இருக்கும் எழுத்துகளின்மேல் வைத்தார்.